இருவரா, மூவரா?

2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வடக்கு இலண்டனில் உள்ள ஒரு பங்கில், விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தைக்குப் பதிலாக நான்கு வாரங்கள் பணியாற்றினேன். அப்பங்கின் முதியோரில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுள் ஒருவர் கிளேர் மாவட்டத்துக் குடியானவர் ஒருவரின் மகன். 1950களில் கட்டட வேலைக்கென வந்து அங்கேயே தங்கிவிட்டவர். காலைத் திருப்பலிக்கு ஒருநாளும் தவறாதவர். ஒரு ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் பிடில் பெட்டியைத் தோளில் மாட்டியபடி என்னிடம் வந்து, "தந்தையே, எங்கள் ஊர் இசையை இன்று நீங்கள் கேட்கவேண்டும்" என்று சொல்லித் தெருமுனையில் இருந்த பப்புக்கு அழைத்துச் சென்றார்.

பப் என்றதும் வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மதுக்கடையால் சீரழிந்த குடும்பங்களை நாள்தோறும் காணும் நமக்கு அது இயல்பே. மதுவுக்குப் பரிந்து பேச நான் இதனை எழுதவில்லை. ஆனால் அந்நாட்டில் பப் என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று. தெருவாருக்கெல்லாம் பொதுவான கூடமும் அதுவே. இழவு வீட்டிலிருந்து திரும்புவோரும், ஞானஸ்நான விருந்தினரும், தனிமை தாங்காத முதியோரும் அங்கே கூடுகின்றனர். அங்கு ஒரு மூலையில் வாரத்தில் ஒருநாள் நாலைந்து பேர் வட்டமாக அமர்ந்து இசைப்பதுண்டு. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை, ஊதியமும் பெரும்பாலும் இல்லை. யார் வேண்டுமானாலும் தம் கருவியுடன் வந்து சேர்ந்துகொள்ளலாம். இதனையே அவர்கள் 'செஷன்' என்கின்றனர். நாம் இசையமர்வு என்று அழைக்கலாம்.

நாங்கள் சென்றபோது அந்த மூலை வெறுமையாக இருந்தது. உள்ளாட்சி மன்றத்திலிருந்து அந்த வாரம் ஒரு கடிதம் வந்ததாகக் கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய உரிமத்தில் மது உண்டு, இசை இல்லை. இசையைச் சேர்க்க விண்ணப்பம், கட்டணம், விளம்பரம், பிறகு நிபந்தனைகள். மீறினால் தண்டனை. ஆகவே இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். எதிர்ச்சுவரில் பெரிய திரையில் விளையாட்டுப் போட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறைந்த கூட்டம் அதைப் பார்த்துக் கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. அதற்குத் தடையில்லை.

பெரியவர் பெட்டியைத் திறக்கவில்லை. திரும்பி நடக்கையில் சொன்னார்: "எனக்கு இது இரண்டாம் முறை, தந்தையே. முதல் முறை என் தாயாரின் அடுக்களையில் நிறுத்தினார்கள். அப்போது நிறுத்தச் சொன்னவர் எங்கள் பங்குச்சாமியார்."

அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஆனால் அச்சொல் என்னை விடவில்லை. அந்த இரு தடைகளின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

அச்சத்தில் பிறந்த சட்டம்

இங்கிலாந்தில் இசைக்கு உரிமம் கேட்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்றைய இலண்டன் திருட்டுக்கும் வழிப்பறிக்கும் அஞ்சி வாழ்ந்த நகரம். மலிவான ஜின் சாராயம் ஏழைகளை அழித்துக்கொண்டிருந்தது. புதின ஆசிரியரும் நகரின் நீதிபதியுமான ஹென்றி பீல்டிங், கொள்ளையர் பெருகுவதன் காரணங்களை ஆராய்ந்து 1751இல் ஒரு நூல் வெளியிட்டார். உழைக்கும் மக்கள் தம் நிலைக்கு மீறிய கேளிக்கைகளில் பொழுதையும் பொருளையும் இழந்து, பின் திருட்டில் இறங்குகின்றனர் என்பது அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டுச் சட்டம் இதே கண்ணோட்டத்தில் அமைந்தது. இலண்டனிலும் அதைச் சுற்றி இருபது மைல் தொலைவுக்குள்ளும் பொதுமக்களுக்கென ஆடலோ பாடலோ நடக்கும் வீடும் அறையும் தோட்டமும் நீதிபதிகளிடம் உரிமம் பெறவேண்டும். பெறாவிட்டால் அது 'ஒழுங்கற்ற வீடு'. நடத்துபவருக்கு 100 பவுண்டு அபராதம். அச்சட்டத்தின் நீண்ட பெயரிலேயே திருட்டும் கொள்ளையும் முதலில் வருகின்றன. பொதுக் கேளிக்கை இடங்கள் அவற்றை அடுத்து வருகின்றன.

அந்த அச்சம் பொய்யன்று. கூட்டத்தில் கலகம் உண்டு. இரவில் பிறர் உறக்கம் கெடுவதுண்டு. ஆயினும் குற்றத்தைத் தேடிப் புறப்பட்ட சட்டம் இசையைக் குற்றத்தின் உடன்பிறப்பாகக் கண்டுவிட்டது. 1890ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரத் திருத்தச் சட்டம், விரும்பும் பிற ஊர்களும் இவ்வுரிம முறையை ஏற்றுக்கொள்ள வழி செய்தது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் இப்பார்வை மாறவில்லை.

அடுக்களையிலிருந்து மண்டபத்துக்கு

இனி அயர்லாந்துக்குச் செல்வோம். பெரியவர் குறிப்பிட்ட முதல் தடை அங்கேதான் விதிக்கப்பட்டது.

அந்நாட்டின் மேற்குக் கரையோரச் சிற்றூர்களில் இசை வாழ்ந்த இடம் குடியானவர் அடுக்களை. குளிர்கால இரவுகளில் அண்டை அயலார் ஒரு வீட்டில் கூடுவர். கணப்பின் அருகே பிடில்காரர் ஒருவரும், கான்சர்ட்டினா என்னும் சிறு துருத்திப்பெட்டி வாசிக்கும் ஒருவரும் அமர்வர். கல் பாவிய தரையில் ஆடவரும் பெண்டிரும் எட்டெட்டுப் பேராக ஆடுவர். ஏழைக் குடும்பத்துக்கு உதவவோ, வெளிநாடு செல்பவரை வழியனுப்பவோ கூட்டம் கூடுமாயின் சிறு தொகை திரட்டுவதும் உண்டு.

1920களில் நிலைமை மாறியது. விடுதலைக்கும் உள்நாட்டுப் போருக்கும் பின் நாடு களைத்திருந்தது. வணிக நோக்குடைய ஆடலரங்குகள் பெருகின. மோட்டார் வண்டிகள் இளைஞரைத் தொலைவூர்களுக்குக் கொண்டு சென்றன. 1925ஆம் ஆண்டு அக்டோபரில் மேனூத்தில் கூடிய அயர்லாந்து ஆயர்கள் இவ்வாடலரங்குகளின் தீமையைக் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். அது ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்த அறிக்கை அயர்லாந்தின் மரபு ஆடல்களைப் பழிக்கவில்லை, வெளிநாட்டு ஆடல்களினும் அவற்றை உயர்வாகவே பேசியது.

பத்தாண்டுகளுக்குப் பின் 1935இல் பொது ஆடலரங்குச் சட்டம் இயற்றப்பட்டது. திருச்சபையின் வற்புறுத்தல் அதற்கு முக்கியக் காரணம். பொதுமக்கள் ஆடும் எந்த இடத்துக்கும் மாவட்ட நீதிமன்றத்தின் உரிமம் தேவை என்றது அச்சட்டம். எழுத்தளவில் அது தனியார் வீட்டைத் தொடவில்லை. நடைமுறையோ வேறு. கதவு யாருக்கும் அடைக்கப்படாத ஓர் ஊரில் எது தனி வீடு, எது பொது இடம்? ஏழைக்கென நாலு காசு திரட்டினால் அது கட்டணமா, தருமமா? ஐயம் எழுந்த இடத்தில் காவலர் வந்தனர். பல இடங்களில் பங்குத்தந்தையரே வாசலில் வந்து நின்றனர். சட்டத்தின் எழுத்துக்கு அப்பாலும் அதன் நிழல் நீண்டது. கிளேர் மாவட்டத்தின் புகழ்பெற்ற பிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன் (1908–1998), தம் ஊரின் வீட்டு ஆடல்கள் இவ்வாறு அற்றுப்போனதை இறுதிவரை மனம் நொந்து நினைவுகூர்ந்தார்.

ஆடல் உரிமம் பெற்ற மண்டபங்களுக்குச் சென்றது. அவற்றுள் பல பங்கு மண்டபங்கள். பெரிய மண்டபத்துக்குப் பேரொலி தேவை. ஆகவே பத்துப்பேர் சேர்ந்து இசைக்கும் 'கேலி' வாத்தியக் குழுக்கள் தழைத்தன. அடுக்களை மூலையில் ஒற்றைப் பிடிலுடன் வாசித்த முதியவருக்கு அங்கே இடமில்லை. ஆயர்கள் போற்றிய மரபு ஆடலையே அவர்கள் வேண்டிய சட்டம் வேரோடு அசைத்துவிட்டது.

இதனினும் துயரமானது மற்றொன்று. 1930இல் அரசு அமைத்த கேரிகன் குழு, 1931இல் தன் அறிக்கையை அளித்தது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களைப் பற்றிய கடுமையான சாட்சியங்கள் அக்குழுவின் முன் வைக்கப்பட்டிருந்தன. அரசு அந்த அறிக்கையை வெளியிடவில்லை. ஆடலரங்குச் சட்டமோ நிறைவேறியது. நான் இலண்டன் செல்வதற்கு இரு திங்களுக்குமுன், 2009 மே மாதத்தில், துறவற சபையினர் நடத்திய விடுதிகளில் அயர்லாந்துச் சிறார்பட்ட கொடுமைகளை ரையன் குழுவின் அறிக்கை உலகறியச் செய்தது. அடுக்களைச் சாளரத்தின் வழியே தெரிந்த விளக்கொளியைக் கண்டு அஞ்சியவர்கள், தம் பொறுப்பில் இருந்த இருண்ட அறைகளைக் கண்டு அஞ்சவில்லை. இதனை ஒரு குருவாக நான் எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆயினும் எழுதாமல் விடுவது நேர்மையன்று.

மூன்றாமவர் குற்றவாளி

1951க்கும் 1961க்கும் இடையில் அயர்லாந்தை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பலர் இங்கிலாந்துக்கே வந்தனர். பகலில் சாலையும் கட்டடமும் அமைத்தவர்கள் இரவில் ஒண்டுக்குடித்தன அறைகளில் தங்கினர். அந்த அறைகளில் அடுக்களை ஏது, கணப்பு ஏது? இசைக்க வேண்டுமாயின் பப்புக்குத்தான் செல்லவேண்டும். கேம்டன் டவுனில் பெட்போர்டு ஆர்ம்ஸ் என்னும் பப்பில் ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில்காரர் மைக்கேல் கோர்மனும் பாடகி மார்கரெட் பேரியும் இசைத்தனர். ஹாலோவேயில் 'தி பேவரிட்' என்னும் பப்பில் ஞாயிறு நண்பகல்களில் நடந்த இசையமர்வுகள் ஒலிப்பதிவாகி 1968இல் இசைத்தட்டாக வெளிவந்தன. கிளேர் மாவட்டத்துத் துருத்திக்குழல் கலைஞர் வில்லி கிளான்சி இலண்டனில் தச்சராக உழைத்து 1957இல் ஊர் திரும்பினார். 1973இல் அவர் மறைந்தபின் மில்டவுன் மால்பே என்னும் அவரது ஊரில் தொடங்கிய கோடைக்கால இசைப்பள்ளி இன்றளவும் நடக்கிறது. இன்று உலகெங்கும் அயர்லாந்தின் அடையாளமாகக் கருதப்படும் பப் இசையமர்வு, பழம்பெரும் மரபன்று. அடுக்களையை இழந்தவர்கள் அயல்நாட்டு மூலைகளில் கண்டெடுத்த மாற்றுவீடு என்றே பலரும் கருதுகின்றனர்.

அந்த மாற்றுவீட்டின்மீதும் ஒரு சட்டம் இருந்தது. 1961ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தில் தோன்றி, 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் 182ஆம் பிரிவில் நிலைபெற்ற ஒரு விதி, மது உரிமம் உள்ள இடத்தில் இசைப்போர் இருவருக்கு மிகாவிடில் தனி இசை உரிமம் தேவையில்லை என்றது. இதனை மக்கள் 'இருவர் விதி' என்றனர். சலுகையாகப் பிறந்த விதி அது. ஆனால் இருவர் வாசிக்கையில் மூன்றாமவர் புல்லாங்குழலை எடுத்தால், உரிமம் இல்லாத கடைக்காரர் சட்டத்தை மீறியவராவார். இருவர் ஒலிபெருக்கி வைத்துத் தெருவையே அதிரச் செய்யலாம். மூவர் மெல்லிய குரலில் பாடலாகாது. பல்லவியைக் கூடவே பாடும் வாடிக்கையாளரும் கணக்கில் சேர்வரா என்ற கேள்வியும் எழுந்தது. இருவர் மூவர் கூடும் இடத்தைப் பற்றி நம் ஆண்டவர் தந்த வாக்குறுதியை அறிந்த நமக்கு, இருவரோடு நின்றுவிட்ட இக்கணக்கு விந்தையாகவே தோன்றும்.

தேவாலயத்துக்கு விலக்கு, தெருமுனைக்கு இல்லை

2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம் இக்குழப்பத்தைத் தீர்க்க வந்தது. அதுவரை மதுவுக்கு நீதிபதிகளிடமும் இசைக்கு உள்ளாட்சி மன்றத்திடமும் தனித்தனியே உரிமம் பெறவேண்டியிருந்தது. இசை உரிமத்துக்குச் சில மன்றங்கள் பெருந்தொகை வாங்கின. எல்லாவற்றையும் ஒரே உரிமமாக்கி உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்தது புதுச்சட்டம். குற்றத்தடுப்பு, பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத்தொல்லைத் தடுப்பு, சிறார் பாதுகாப்பு ஆகிய நான்கும் அதன் நோக்கங்கள். எவரும் மறுக்கவியலாத நோக்கங்கள்.

ஆனால் இருவர் விதி ஒழிந்தது. 2005 நவம்பர் 24 முதல், பப்பில் ஒரே ஒருவர் பாடினாலும் அதற்கு உரிமத்தில் இடம் இருக்கவேண்டும். உரிமமின்றி நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதம், அல்லது ஆறு திங்கள் வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும் என்றனர் அமைச்சர்கள். குறியிட்டவரைத் தேடி நிபந்தனைகள் வந்தன: ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவி, வாசற்காவலர், அடைத்த சாளரம். சிறு கடைக்காரர் பலர் குறியிடவே இல்லை.

விலக்குகளும் இருந்தன. தொலைக்காட்சிக்கு விலக்கு. மாரிஸ் என்னும் நாட்டுப்புற ஆடலுக்கும் அதனோடு இயைந்த ஒலிபெருக்கியற்ற இசைக்கும் விலக்கு. முன்னேற்பாடின்றித் தானாக எழும் பாட்டு உரிமத்துக்கு உட்படாது என்று அரசின் வழிகாட்டு நூல் கூறியது. ஆனால் ஞாயிறுதோறும் ஒரே மூலையில் கூடுவோரின் பாட்டைத் தானாக எழுந்தது என்று யார் சொல்வர்? வேறொரு செயலுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கும் இசைக்கும் விலக்கு. எது துணை, எது முதன்மை என்பதை ஊருக்கு ஊர் வேறுவிதமாகக் கொண்டனர்.

சமய வழிபாட்டுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் விலக்கு கிடைத்தது. சட்ட முன்வடிவில் ஆலயங்களில் நடக்கும் இசைநிகழ்ச்சிகளும் சிக்கியிருந்தன. எதிர்ப்பு எழவே 2003இல் அரசு இறங்கி வந்தது. அது நியாயமே. ஆயினும் எனக்கு அன்றைய மாலை நினைவுக்கு வருகிறது. ஆலயத்தில் அந்தப் பெரியவர் பாடகர் குழுவோடு இசைத்தபோது எந்த உரிமமும் தேவைப்படவில்லை. சாலையைக் கடந்து அதே பிடிலை அவர் எடுத்தபோது அது அதிகாரிகள் கவனிக்கவேண்டிய பொருளாயிற்று. நமக்குக் கிட்டிய விலக்கைக் கண்டு நன்றி சொல்லும் நாம், கதவுக்கு அப்பால் நிற்பவரைப் பற்றிக் கேட்கிறோமா?

மாற்றம் மெல்ல வந்தது. 2009 மே மாதத்தில் மக்களவையின் பண்பாட்டுக் குழு, 200 பேருக்கு மேற்படாத சிறிய இடங்களுக்கு விலக்கு அளிக்கவும் இருவர் விதியை மீட்கவும் பரிந்துரைத்தது. கிளெமென்ட் ஜோன்ஸ் பிரபு மேலவையில் கொணர்ந்த தனிநபர் முன்வடிவு 2012 மார்ச்சு 8 அன்று நேரடி இசைச் சட்டமாகி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மது உரிமம் பெற்ற கடையில் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, ஒலிபெருக்கியற்ற இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஒலிபெருக்கியுடன் கூடிய இசைக்கும் கேட்போர் 200 பேருக்கு மிகாவிடில் தேவையில்லை. 2015 ஏப்ரலில் இந்த எண் 500 ஆயிற்று. தொல்லை நேர்ந்தால் அண்டை வீட்டார் முறையிடலாம். மன்றம் அக்கடையின் உரிமத்தை மறு ஆய்வு செய்யலாம். முன்னர் எல்லாரையும் ஐயுற்று அனுமதி கேட்கச் சொன்ன சட்டம், இப்போது தவறு நேர்ந்தபின் தட்டிக் கேட்பதோடு நிற்கிறது.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் பெரியவர் எனக்கு எழுதினார்: மூலையில் நாற்காலிகள் மீண்டும் போடப்பட்டுவிட்டன, ஆனால் முன்பு உடன் வாசித்தவர்களில் மூவர் இப்போது இல்லை, அவர்கள் அறிந்திருந்த மெட்டுகள் சில யாருக்கும் தெரியவில்லை. சட்டம் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. அதற்குள் ஒரு முதியவரின் கைவிரல்களில் இருந்தது அவரோடு கல்லறைக்குச் சென்றுவிட்டது.

வாசலில் நிற்பவர்

குருமடத்தில் நாங்கள் பயின்ற சட்டத்தின் இலக்கணம் புனித தோமா அக்குவினாருடையது. பொதுநன்மைக்காக அறிவு வகுக்கும் ஒழுங்கே சட்டம் என்பார் அவர். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் அடக்க முயலலாகாது என்றும் அவர் எச்சரித்தார். தீமை முழுவதையும் பிடுங்க முயன்றால் நன்மையும் சேர்ந்து பிடுங்கப்படும். களைகளையும் கோதுமையையும் பற்றிய உவமையில் ஆண்டவர் நமக்குக் கற்பித்ததும் அதுவே.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடல் இன்னொரு நெறியை வகுத்தது. சிறிய குழுக்கள் தாமே செய்துகொள்ளக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பது அந்நெறி. குடும்பமும் அண்டை அயலும் அரசுக்கு முந்தியவை. அயர்லாந்தின் ஆயர்களும் குருக்களும் இம்மடலை அறிந்திருப்பர். ஆயினும் நான்கு ஆண்டுகள் கழித்து, அண்டை அயலார் கூடும் அடுக்களைக்கு அதிகாரம் நுழைய வழிவகுத்த சட்டத்தை அவர்களே வரவேற்றனர். கோட்பாட்டை அறிவதும் வாசலில் நிற்கும்போது அதை நினைப்பதும் வேறு வேறு என்பதற்கு இது சான்று.

அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. என் முதற்பங்கில், பாஸ்கா இரவுத் திருப்பலி முடிந்தபின் கோவில் முற்றத்தில் கொட்டடித்துப் பாடிய இளைஞரை, அனுமதி கேட்டீர்களா என்று அதட்டிக் கலைத்தவன் நான். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன். உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சியைக் கொண்டாட அவர்களுக்கு யாருடைய அனுமதி தேவைப்பட்டது என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகனின் உவமையை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். மூத்த மகன் வயலிலிருந்து திரும்புகிறான். வீட்டை நெருங்கும்போதே ஆடலும் பாடலும் அவன் செவியில் விழுகின்றன. உள்ளே சென்று பார்த்திருக்கலாம். அவனோ வெளியே நின்று பணியாளனை அழைத்து விசாரிக்கிறான்; பின் உள்ளே செல்ல மறுக்கிறான். இசையைக் கேட்டவுடன் அவன் உள்ளத்தில் எழுந்தது மகிழ்ச்சியன்று, ஐயம். கடமை தவறாத நல்ல மகன் அவன். அதுவே நமக்கு எச்சரிக்கை.

சட்டம் வகுப்போரும் திருச்சபைப் பொறுப்பில் உள்ளோரும் குடும்பத் தலைவரும் அந்த வாசலில் ஒருநாள் நிற்கத்தான் செய்வோம். உள்ளே எளியவர்கள் கூடி மகிழும் ஒலி கேட்கும். விசாரிக்கவேண்டிய நேரமும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரிக்குமுன் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்போம். அங்கே தந்தையும் அமர்ந்திருக்கக்கூடும்.